நான்கு ஜாய்ஸ்டிக் இருந்தால் யார் முதல் ஆட்டக்காரர்?

கடந்த தீபாவளியன்று பெரியப்பா வீட்டில் முறுக்குத் தட்டைவிட வேறொன்றைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். அண்ணன் பலகை அறுத்து, பொத்தான்கள் பதித்து, தானே செய்த ஆர்கேட் பெட்டி அது. நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம். அறுபதைத் தாண்டிய பெரியப்பாவும் எட்டு வயது மருமகளும் ஒரே பெட்டியின் முன் நின்றனர்.

விளையாட்டு தொடங்கியதும் குழப்பம். பெரியப்பா ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் மருமகளின் வீரன் நகர்ந்தான். பெட்டியை அணைத்து மீண்டும் போட்டால் வேறு யாரோ ஒருவருடைய வீரன் நகர்ந்தான். கம்பி இணைப்பில் கோளாறு என்று அண்ணன் பெட்டியைத் திறந்தார். கம்பிகளில் தவறே இல்லை.

வீட்டிலேயே இத்தகைய பெட்டியைச் செய்து பார்க்கும் பலரும் இதே இடத்தில் மாட்டிக்கொள்கின்றனர். காரணம் தெரிந்தால் தீர்வு எளிது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியின் மூளை, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. 2012ல் விற்பனைக்கு வந்த இது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. ரெட்ரோபை, பட்டோசெரா, லக்கா போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை நினைவக அட்டையில் ஏற்றினால், 1980ல் வந்த பேக்-மேன், 1991ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 காலத்து விளையாட்டுகளை அதில் ஓட்டலாம்.

ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் நேரடியாகக் கணினியுடன் பேசுவதில்லை. அவற்றின் கம்பிகள் 'என்கோடர்' எனப்படும் சிறு மின்பலகையில் சேர்கின்றன. அந்தப் பலகை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைகிறது. வழக்கமாக ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு பலகை. பொத்தான், சுவிட்ச், கம்பி போன்ற மின்னணு உதிரிப் பொருள்களைத் தேடுவோர் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் தொடங்கலாம்.

ஒரே வகுப்பில் நான்கு குமார்

கணினியில் ஒரு சாதனத்தைச் செருகியதும், அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும். சில சாதனங்கள் தங்களுக்கே உரிய வரிசை எண்ணையும் சொல்லும். மலிவான என்கோடர் பலகைகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. ஒரே கடையில் வாங்கிய நான்கு பலகைகளும் ஒரே பெயரைத்தான் சொல்லும்.

ஒரு வகுப்பில் நான்கு குமார்கள் இருக்கிறார்கள்; யாருக்கும் தந்தை பெயர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் என்ன செய்வார்? முதலில் உள்ளே வந்தவரை 'குமார் 0', அடுத்தவரை 'குமார் 1' என்று எழுதிக்கொள்வார். லினக்ஸ் செய்வதும் அதுதான். கண்டுபிடிக்கும் வரிசையில் ஜேஎஸ்0, ஜேஎஸ்1 என்று எண் கொடுக்கிறது. விளையாட்டின் நடுவே ஒரு கம்பியைப் பிடுங்கிச் செருகினாலோ, புளூடூத் கைப்பிடி ஒன்று இடையில் சேர்ந்தாலோ வரிசை மாறக்கூடும். சில கம்பியில்லா விசைப்பலகைகளின் யுஎஸ்பி துண்டைக்கூட லினக்ஸ் ஜாய்ஸ்டிக் என்று தவறாக எண்ணி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும்.

எனவே பெயரை நம்பிப் பயனில்லை. குமார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கணினியில் அந்த நாற்காலிதான் யுஎஸ்பி துளை.

செய்ய வேண்டியவை

முதலில், எந்தப் பலகை எந்தத் துளையில் என்பதை முடிவுசெய்து, துளைக்கும் கம்பிக்கும் 1, 2, 3, 4 என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். ராஸ்பெர்ரி பை 4ல் நான்கு யுஎஸ்பி துளைகள் உள்ளன. எல்லாவற்றையும் செருகிய பிறகே மின்சாரம் கொடுங்கள். தேவையற்ற யுஎஸ்பி சாதனங்களை எடுத்துவிடுங்கள். பல வீடுகளில் இதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

இரண்டாவது, நான்கு பலகைகளிலும் கம்பிகளை ஒரே வரிசையில் செருகுங்கள். பலகைகளின் பெயர் ஒன்றே என்பதால், ஒரு ஜாய்ஸ்டிக்குக்குச் செய்யும் பொத்தான் அமைப்பையே மென்பொருள் மற்ற மூன்றுக்கும் பயன்படுத்தும். ஒன்றில் 'தாவு' பொத்தானின் கம்பி இடம் மாறியிருந்தால் அந்த ஆட்டக்காரருக்கு மட்டும் எல்லாம் தாறுமாறாகும். இதை மென்பொருளில் திருத்த முயலாமல் கம்பியை மாற்றிச் செருகுவதே எளிது. எந்தப் பொத்தானுக்கு எந்த எண் வருகிறது என்பதை 'ஜேஎஸ்டெஸ்ட்' என்ற சிறு கருவி காட்டும்.

மூன்றாவது, வரிசை மாறாமல் இருக்கிறது, ஆனால் ஆட்டக்காரர் எண் மட்டும் பொருந்தவில்லை என்றால் ரெட்ரோஆர்க் மென்பொருளின் 'இன்புட்' பகுதிக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எந்தச் சாதனம் என்பதை 'டிவைஸ் இண்டெக்ஸ்' என்ற இடத்தில் தேர்ந்தெடுக்கலாம். பிறகு அமைப்பைச் சேமிக்க மறக்காதீர்கள். ரெட்ரோபையில் அது தானாகச் சேமிக்கப்படுவதில்லை. பட்டோசெராவில் இதே தேர்வு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான பட்டியலிலேயே உள்ளது.

இன்னும் உறுதியான வழி வேண்டுவோர், லினக்ஸின் 'யுடெவ்' விதிகள் மூலம் துளையை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு பலகைக்கும் நிலையான பெயர் சூட்டலாம். ஆனால் எல்லா விளையாட்டு மென்பொருளும் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. மேம் மென்பொருளில் குறிப்பிட்ட சாதனத்தைக் குறிப்பிட்ட ஆட்டக்காரருடன் கட்டிப்போட 'மேப்டிவைஸ்' என்ற தனி வசதி இருக்கிறது.

வாங்கும் முன் ஒரு யோசனை

இனிமேல்தான் பொருள் வாங்கப் போகிறீர்கள் என்றால், விசைப்பலகைபோல் நடிக்கும் என்கோடர்களையும் பாருங்கள். அல்டிமார்க் நிறுவனத்தின் ஐ-பேக் 4 நான்கு பேருக்கும் ஒரே பலகை. ஒவ்வொரு பொத்தானும் விசைப்பலகையின் ஒரு விசையாகவே கணினிக்குத் தெரியும். அதனால் யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே எழாது.

இருவருக்கு ஒரே பலகை என்று விற்கப்படும் சில மாதிரிகளில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரலாம். இரு ஜாய்ஸ்டிக்கையும் பழைய லினக்ஸ் பதிப்புகள் ஒன்றாக எண்ணிவிடும். கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பில் அந்தப் பலகையின் எண்ணுடன் ஒரு வரி சேர்த்தால் அவை பிரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த மென்பொருள்கள் இலவசம், விளையாட்டுகள் அப்படியல்ல. பழையவை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. உரிமத்துடன் விற்கப்படுபவற்றையோ, உரிமையாளரே இலவசமாக வெளியிட்டவற்றையோ பயன்படுத்துவதே முறை.

அண்ணன் அன்றிரவு மூன்று விஷயங்கள் செய்தார். பயன்படாத விசைப்பலகைத் துண்டைப் பிடுங்கினார், துளைகளுக்கு எண் ஒட்டினார், பெட்டியை அணைத்துப் போட்டார். பத்து நிமிட வேலை. அதற்குள் சிறுவர்கள் கைப்பேசிக்குத் திரும்பியிருந்தனர். பெரியப்பா முதல் பொத்தானை அழுத்தினார், அவருடைய வீரனே குதித்தான். அந்தச் சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் மருமகள்தான்.