இல்லக் காவலும் இலக்கப் படப்பதிகருவியும்

பொருளீட்டுதல் அரிது, ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. ஆதலின் மனிதன் வீடமைத்து வாழத் தலைப்பட்ட நாள்தொட்டே கதவும் தாழும் மதிலும் நாயும் அவனுக்குத் துணையாயின. நகரங்கள் பெருகியபோது காவலாளரும் வேண்டப்பட்டனர். மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றி எழுந்து, கள்வரின் தந்திரங்களையெல்லாம் அறிந்தவராய்த் தெருத்தோறுந் திரிந்த ஊர்க்காப்பாளரை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. பண்டைத் தமிழர் காவற்றொழிலை எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதற்கு அப்பகுதி சிறந்த எடுத்துக்காட்டாகும்.

எனினும் காவல் வேறு, சான்று வேறு. காவல் தீமை நிகழாமற் றடுப்பது. சான்று நிகழ்ந்த தீமையை உள்ளவாறு உணர்த்துவது. சான்று தேடாது வழங்கிய தீர்ப்பினால் விளைந்த பெருங்கேட்டைச் சிலப்பதிகாரம் காட்டும். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லையே நம்பிய பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். சிலம்பினுள் இருந்த மாணிக்கப் பரல்களே பின்னர் உண்மையைக் கூறின. அப்போது காலம் கடந்துவிட்டது. குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது மாத்திரமன்றிக் குற்றமற்றவனைக் காப்பதும் சான்றின் கடமை என்பது இதனாற் பெறப்படும். இக்காலத்தில் இல்லங்கள்தோறும் பொருத்தப்பெறும் கமராக்களும், அவை காண்பவற்றைப் பதிந்து வைக்கும் 'டிஜிற்றல் வீடியோ றெக்கோடர்' எனப்படும் இலக்கப் படப்பதிகருவியும் இவ்விரு பணிகளுள் எதனை ஆற்றுகின்றன என்பது ஆராயத்தக்கது.

தொலைவிலுள்ள காட்சியைக் கம்பி வழியாக மற்றோரிடத்திற் காணும் முறை போர்க்காலத்திற் பயன்பட்டது. 1942ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பீனமுண்டே என்னுமிடத்தில் ஏவுகணைகள் மேலெழுவதைத் தொலைவிலிருந்து பாதுகாப்பாகக் காண்பதற்கு வால்ரர் புறூக் என்னும் பொறியியலாளர் இத்தகைய அமைப்பொன்றை நிறுவினார். இம்முறையை இல்லத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு மருத்துவத் தாதி. நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பிரிவில் வாழ்ந்த மேரி வான் பிறிற்றன் பிறவுண் என்னும் அம்மையார், நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குச் சென்று திரும்புபவர். குற்றச்செயல்கள் மலிந்த அப்பகுதியில் பொலிசாரின் உதவி உரிய வேளையிற் கிட்டுவதில்லை. மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த தம் கணவருடன் கூடி அவர் ஓர் அமைப்பைத் திட்டமிட்டார். கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துளைகள். அவற்றினூடே மேலுங் கீழும் நகர்ந்து நோக்கும் ஒரு கமரா. படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. வந்தவரோடு பேசுதற்கு ஒலிவாங்கி. இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறத்தற்கும் அபாய அறிவிப்பு விடுத்தற்கும் விசைகள். 1966 ஓகஸ்ட் முதலாந் திகதி விண்ணப்பிக்கப்பெற்ற இவ்வமைப்புக்கு 1969 டிசெம்பர் 2ஆந் திகதி 3,482,037ஆம் இலக்க அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. தனித்திருக்கும் ஒரு பெண்ணின் அச்சமே பெரியதொரு தொழிற்றுறைக்கு வித்திட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

காண்பது ஒன்று, கண்டதைச் சேமித்து வைப்பது மற்றொன்று. 1956ஆம் ஆண்டு சேமிப்பின் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டு ஏப்பிரலில் அம்பெக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், இரண்டங்குல அகலமுள்ள காந்த நாடாவில் தொலைக்காட்சிப் படத்தைப் பதியுங் கருவியைச் சிக்காகோவில் அறிமுகஞ் செய்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே ஐ.பி.எம். நிறுவனம் ஐம்பது சுழல் தட்டுக்களைக் கொண்ட காந்தத்தட்டுச் சேமிப்புப் பொறியை வெளியிட்டது. ஒரு தொன்னுக்கு மேல் நிறையுள்ள அப்பொறியில் ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே சேமிக்க இயன்றது. பல ஆண்டுகள் நாடாவே படப்பதிவுக்கு உரியதாயிருந்தது. ஆயின் வீட்டுக் காவலுக்கு நாடா பொருந்தவில்லை. மூன்று மணி நேரத்தில் முடிவடையும் நாடாவை நாள் முழுதும் நீடிக்கச் செய்தற்கு இடையிடையே விட்டுவிட்டுப் பதிதல் வேண்டியிருந்தது. அதனாற் கள்வன் வாயிலில் ஒரு முறையும் வேலியருகில் ஒரு முறையுந் தோன்றி மறைவான். மீண்டும் மீண்டும் பயன்படுத்திய நாடாவோ தேய்ந்து, முகத்தையே மங்கச் செய்துவிடும். இக்குறைகளை நீக்கியது வன்தட்டில் இலக்க முறையிற் பதியுங் கருவியேயாகும்.

இலக்கப் பதிவு என்பது யாது? கமராவின் வில்லை வழியாக வரும் ஒளி, பல இலட்சம் நுண்ணிய உணரிகள் பதிக்கப்பெற்ற சில்லொன்றின்மேல் விழுகின்றது. ஒவ்வோர் உணரியும் தன்மேல் விழும் ஒளியின் அளவுக்கேற்ப மின்னேற்றம் பெறும். இவ்வகைச் சில்லுகளுள் ஒன்றை 1969ஆம் ஆண்டிற் கண்டறிந்த வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் 2009ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். சில்லிலிருந்து பெறப்படும் சமிக்ஞை பதிகருவியை அடைந்ததும், ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் ஒளிர்வும் எண்களாக அளவிடப்பட்டு, ஒன்றும் பூச்சியமுமாகிய துவித எண்களாக எழுதப்படுகின்றன. காட்சி எண்ணாகிவிட்டபின், அதனை எத்துணை முறை படியெடுப்பினும் தேய்வில்லை. இதுவே இலக்க முறையின் முதற் சிறப்பு.

ஆயின் எண்களின் பெருக்கமே அடுத்த இடர்ப்பாடு. ஒரு சாதாரணக் கணக்கினால் இதனை உணரலாம். குறுக்கே 1,920 புள்ளியும் நெடுக்கே 1,080 புள்ளியுங் கொண்ட படமொன்றில் 2,073,600 புள்ளிகள் உள. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைற் வீதம், செக்கனுக்கு 25 படங்கள் பதியின், ஒரு செக்கனுக்கு 155,520,000 பைற் தேவைப்படும். ஒரு நாளுக்கு 86,400 செக்கன்கள். எனவே ஒரே கமராவின் ஒரு நாட்பதிவுக்கு 13,000 ஜிகாபைற்றுக்கு மேல் இடம் வேண்டும். இஃது எந்த வீட்டுக்கும் இயலாதது.

இங்கே துணைசெய்வது கணிதம். வெறுமையான முற்றத்தை நோக்கி நிற்கும் கமராவின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆதலின் முழுப்படம் ஒன்றை எழுதிவிட்டு, பின்வருவனவற்றில் மாறிய பகுதிகளை மாத்திரம் எழுதினாற் போதும். மேலும், படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, அவற்றிலுள்ள ஒளி வேறுபாடுகளைக் கோசைன் அலைகளின் கூட்டாக மாற்றியமைத்தால், மனிதக்கண் எளிதில் உணராத நுண்ணலைகளைக் கைவிடலாம். பாடசாலையிற் கோசைன் பயிலும் மாணவர் பலர் 'இதனாற் பயன் யாது?' என வினவுவதுண்டு. விடை இப்பெட்டியினுள்ளே உளது. இம்முறையை நாசிர் அகமது, தி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராயிருந்த அகமது, இக்கருத்தை ஆராய்தற்கு 1972ஆம் ஆண்டில் நிதி வேண்டினார்; அது மறுக்கப்பட்டது. அவரோ மனந்தளராது தொடர்ந்தார். அவ்வடித்தளத்தின்மீது எழுந்த சுருக்க முறைகளுள் எச்.264 என்பது 2003ஆம் ஆண்டிலும், எச்.265 என்பது 2013ஆம் ஆண்டிலும் நியமங்களாயின.

இச்சுருக்கத்தின் பயனாக, மேற்கூறிய படத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 4 மெகாபிற், அஃதாவது 500,000 பைற் அளவில் எழுதலாம். முன்னைய அளவில் இது முந்நூற்றில் ஒரு பங்கு. ஒரு கமராவுக்கு ஒரு நாளில் 43.2 ஜிகாபைற், நான்கு கமராக்களுக்கு 172.8 ஜிகாபைற். 2,000 ஜிகாபைற் கொள்ளும் வன்தட்டொன்று இவற்றைப் பதினொரு நாள்வரை தாங்கும். தட்டு நிரம்பியதும் கருவி மிகப் பழைய பதிவை அழித்து, அதன்மேற் புதியதை எழுதத் தொடங்கும். இதனை அறியாதார், மாதம் ஒன்று கழிந்தபின் தேடிப் பார்த்து ஏமாறுவர். வேண்டிய பகுதியை உடனே வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. வன்தட்டை வாங்குவோரும் முதலில் இக்கணக்கைச் செய்துகொள்ளல் நன்று.

இப்பதிகருவிகள் இரு வகைப்படும். வடத்தின் வழியே வரும் சமிக்ஞையைத் தானே எண்ணாக்கிச் சுருக்கிப் பதிவது ஒரு வகை, இதுவே டி.வி.ஆர். எனப்படுவது. கமராவே அவ்வேலையை முடித்து, கணினி வலையமைப்பின் வழியாக அனுப்புவதை ஏற்றுப் பதிவது மற்றொரு வகை, அது என்.வி.ஆர். எனப்படும். பழைய வடங்கள் உள்ள வீட்டுக்கு முன்னதும், புதிதாக அமைக்கும் வீட்டுக்குப் பின்னதும் பெரும்பாலும் ஏற்றனவாம்.

இடத்தை மிச்சப்படுத்துதற்கு அசைவு நிகழும்போது மாத்திரம் பதியும் வழியும் உண்டு. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, புள்ளிகள் பல மாறுமிடத்து அசைவு உண்டெனக் கருவி கொள்ளும். ஆயின் கருவிக்கு அசைவு தெரியுமேயன்றி அதன் பொருள் தெரியாது. காற்றில் ஆடும் வாழையிலையும், முகில் மறைக்க ஓடும் நிழலும் அதற்கு ஒன்றே. இரவிற் கமராவைச் சூழ அமைந்த சிறு விளக்குகள் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களைச் சொரிய, அவ்வொளியிற் காட்சி கறுப்பு வெள்ளையாகப் பதியப்படும். அவ்விளக்குகளின் அருகே சிலந்தி வலை பின்னினால், வலையின் ஓரிழை அசைந்தாலும் இரவு முழுதும் வீண்பதிவு நிகழும். நுண்கருவி வாங்கியவர்க்கும் துடைப்பத்தின் தேவை ஒழியவில்லை.

சான்றாக நிற்பதற்குப் படத்தெளிவு மாத்திரம் போதாது. கருவியின் கடிகாரம் பிழைபடின் பதிவின் மதிப்பே குன்றிவிடும். இரவு பத்து மணிக்கு நிகழ்ந்தது பதினொரு மணிக்கு நிகழ்ந்ததாகத் தோன்றின், குற்றவாளி தப்புதலுங் கூடும்; குற்றமற்றவன் ஐயத்துக்குள்ளாதலுங் கூடும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் இத்தகைய பதிவுகள் நீதிமன்றில் ஏற்கப்படுதற்கு வழிவகுத்தது. பதிவு திரிக்கப்படாததாய் இருத்தல் வேண்டும் என்பது அங்கும் அடிப்படை. பதிகருவியைக் கமராவின் அருகே எளிதில் எட்டும் இடத்தில் வைப்பதும் பேதைமையே. கள்வன் பொருளோடு சான்றையும் எடுத்துச் சென்றுவிடுவான்.

கண்ணுக்குப் புலனாகும் கள்வனினும் புலனாகாக் கள்வன் கொடியவன். கருவி இணையத்தோடு இணைக்கப்பட்டவுடன், வீட்டின் வாயில் உலகெங்கும் திறந்துவிடுகின்றது. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கமராக்களையும் பதிகருவிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. வழக்கமான கடவுச்சொற்கள் ஏறத்தாழ அறுபதை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதே அதன் உபாயம். அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, இவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகள் ஒருங்கே ஏவப்பட்டு, அமெரிக்காவிற் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்காக முடங்கின. தம் வீட்டைக் காக்க வாங்கிய கருவி பிறரைத் தாக்கும் படைக்கலமாகியதை உரிமையாளர் பலர் அறியவுமில்லை. பூட்டு வாங்கியவன் சாவியைப் பூட்டிலேயே விட்டுச்செல்வதற்கு ஒப்பானது இது.

இனி, அயலாரின் உரிமை பற்றிய வினா எழுகின்றது. செக் நாட்டில் வீட்டுக்காரர் ஒருவரின் வீட்டு யன்னல்கள் 2005 தொடக்கம் 2007 வரை பலமுறை உடைக்கப்பட்டன. அவர் தம் வீட்டு இறவாரத்தின் கீழ் ஒரு கமராவைப் பொருத்தினார். அது தம் வாயிலையும், பொதுத் தெருவையும், எதிர்வீட்டு வாயிலையும் வன்தட்டிற் பதிந்து வந்தது. 2007 ஒக்டோபர் 6ஆந் திகதி இரவு கவணெறிந்து யன்னல் உடைக்கப்பட்டது. பதிவினால் இருவர் இனங்காணப்பட்டனர். அவர்களுள் ஒருவர், 'என்னை இவ்வாறு பதிவதற்கு உமக்கு உரிமை உண்டோ?' எனும் வாதத்தை எழுப்பினார். வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றுவரை சென்றது. பொதுவிடத்தையும் பதியும் கமரா முற்றிலும் வீட்டுக்குரிய தனிச்செயல் ஆகாது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும் என 2014 டிசெம்பர் 11ஆந் திகதி அந்நீதிமன்று தீர்ப்பளித்தது. எனினும் தன் குடும்பத்தின் உயிரையும் உடைமையையும் காக்கும் ஒருவரின் நியாயமான நலனும் எண்ணிப் பார்க்கத்தக்கதே என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

இத்தீர்ப்பு ஐரோப்பாவுக்குரியதாயினும் அதன் உள்ளுறை எவ்விடத்துக்கும் பொருந்துவதாம். காவலின் பெயரால் அயல்வீட்டு முற்றத்தையும் கிணற்றடியையும் இரவு பகலாக நோக்கி நிற்றல் பண்பன்று. கமராவைச் சிறிது திருப்புவதனால், அல்லது அப்பகுதியைக் கருவியிலேயே மறைத்துவிடுவதனால், இரு வீட்டாரின் உரிமையுங் காக்கப்படும். வேலிச் சண்டைகளை அறிந்தோர்க்கு இதன் அருமை விளக்க வேண்டுவதில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, இலக்கப் படப்பதிகருவி காவலாளன் அன்று. அஃது ஒரு சான்றாளன். கதவைத் தாழிடாது, கூவி எழுப்பாது, கள்வனின் கையைப் பற்றாது. கண்டதைக் கண்டவாறு, குறித்த சில நாள்வரை, நினைவில் வைத்திருத்தலே அதன் தொழில். அதன் நேரத்தைத் திருத்தமாக வைத்தலும், கடவுச்சொல்லை மாற்றுதலும், வேண்டிய பதிவைக் காலத்தோடு எடுத்துக் காத்தலும், எதனை நோக்கலாம் எதனை நோக்கலாகாது எனத் துணிதலும் மனிதனுடைய கடமைகளாம். மதுரையின் அரசவையில் அன்று ஒரு சிலம்பு உடைந்து பரல்கள் சிதறியபோதே உண்மை வெளிப்பட்டது. அத்தகைய சான்றை உரிய வேளையிற் பெறும் வாய்ப்பை விஞ்ஞானம் ஈந்திருக்கின்றது. அதனைக் கேட்டு ஆராய்ந்து நடுநிலையோடு தீர்ப்பளிக்கும் கடமையோ இன்னும் மனிதனிடத்தேயே உளது.