சட்டந் திறந்த கதவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1996ஆம் ஆண்டில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 304ஆம் பிரிவு, கேபிள் தொலைக்காட்சிக்குரிய கருவிகளைக் கேபிள் நிறுவனங்களோடு தொடர்பில்லாதாரும் விற்றற்கு வழி வகுக்குமாறு பணித்தது. அதன் பயனாய்ப் பிறந்ததே 'கேபிள்கார்ட்' என்னும் அட்டை. பூட்டி அனுப்பப்படும் ஒளிபரப்பைத் திறக்குந் திறவுகோல் அது. அதனைக் கேபிள் நிறுவனம் வாடிக்கையாளர்க்கு வழங்கும். அட்டையை ஏற்குங் கருவியைப் பிறர் செய்து விற்கலாம் என்பதே கருத்து.

நடைமுறையோ வேறாயிற்று. 2007ஆம் ஆண்டில் கணினிக்குரிய கேபிள்கார்ட் ரியூனர்கள் சந்தைக்கு வந்தபோது, அவை தனியே விற்கப்படவில்லை. ரியூனர் மட்டுமன்று, அதனைத் தாங்குங் கணினி முழுவதுமே கேபிள்லாப்ஸ் என்னும் ஆய்வுகூடம் வகுத்த விதிகளின்படி சான்று பெறல் வேண்டும். அச்சான்றின் அடையாளம் கணினியின் அடிப்படை நிரலிலேயே பதிந்திருத்தலும் வேண்டும். அவ்வாய்வுகூடத்தை 1988இல் நிறுவியோர் யாவரெனின், கேபிள் நிறுவனத்தாரே!

ஒரே வடிவிற் பல்லாயிரங் கணினிகளைச் செய்யும் பெருநிறுவனத்துக்கு இஃது ஒருமுறைச் செலவு. வாடிக்கையாளர் கேட்டவாறு ஒவ்வொன்றையும் வெவ்வேறு உறுப்புக்களாற் கோத்துக் கொடுக்குஞ் சிறு கடைக்காரன் எவ்வடிவுக்கெனச் சான்று பெறுவான்? களவுப் பிரதிக்கு அஞ்சியே இக்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும் அதன் சுமை வலியிலார் மீதே விழுந்தது. வான்வழி ஒளிபரப்பை வாங்கும் ரியூனரையோ அவன் தடையின்றி விற்றான்.

2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் இத்தடை நீங்கிற்று. விண்டோஸ் 7 கணினியில் எவரும் ரியூனரைப் பூட்டலாமென்றாயிற்று. ஆனால், ஒளிபரப்பைக் காட்டிய மீடியா சென்டர் என்னும் நிரல் 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இல் இடம்பெறவில்லை. 2020இல் கேபிள்கார்ட்டுக்கு ஆதரவளிக்கவேண்டுமென்ற விதிகளையும் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு நீக்கிவிட்டது.