டேப்பா? தாத்தா காலத்து சமாச்சாரம்னு நினைச்சீங்களா!

டேப்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பென்சிலை விட்டுச் சுத்தின பாட்டு கேசட்தானே! அதோட உறவுக்காரர் ஒருத்தர் இன்னைக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில் கம்பீரமா வேலை பார்க்கிறார். பெயர் டேப் டிரைவ். வேலை, பேக்கப்!

2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயில் திறந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதிர்ச்சி. இன்பாக்ஸ் காலி! கூகுள் புதுசாகப் போட்ட ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் இருந்த பிழைதான் காரணம். ஒவ்வொரு மெயிலையும் பல இடங்களில் காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். ஆனால், அந்த காப்பிகளையும் பிழை விட்டு வைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது டேப்! எந்த கம்ப்யூட்டரோடும் இணைக்காமல் தனியே கிடந்ததால், பிழையால் அதைத் தொட முடியவில்லை. அதிலிருந்துதான் மெயில்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள்.

வைரஸுக்கும் இதே கதைதான். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸால், அலமாரியில் தூங்கும் கேசட்டை என்ன செய்ய முடியும்?

உள்ளங்கையில் ஒரு கிலோமீட்டர்!

இப்போது அதிகம் புழங்குவது எல்டிஓ வகை டேப். 2000-ல் வந்த முதல் தலைமுறை கேசட்டின் கொள்ளளவு 100 ஜிபி. 2021-ல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் அது 18 டிபி! உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கேசட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான டேப் சுற்றப்பட்டிருக்கிறது. முழுதாக எழுதி முடிக்க, டேப் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 280 தடவை ஓடணும்.

வேகம்? விநாடிக்கு 400 எம்பி. சாதாரண ஹார்டு டிஸ்க்கை அசால்ட்டாக முந்தும். அந்த வேகத்திலேயே 18 டிபி நிரம்ப பன்னிரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. டேட்டா நிற்காமல் வந்துகொண்டே இருக்கணும். உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக அனுப்பினால், ஓடுகிற டேப்பை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டி விட்ட இடத்தைப் பிடிக்கணும். ஷூவுக்கு பாலிஷ் போடும்போது துணி முன்னும் பின்னும் போகுமே, அதே மாதிரி! இதற்கு ‘ஷூ ஷைனிங்’ என்றே பெயர். வேகமும் போச்சு, டேப்பும் ஹெட்டும் தேய்மானம். இதைத் தவிர்க்கத்தான் புது டிரைவ்கள் டேட்டா வரும் வேகத்துக்கு ஏற்ப தங்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு.

இன்னொரு குறை, நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஃபைல் வேணும்னா, அந்த இடம் வரும்வரை டேப்பைச் சுற்றணும். அதனால்தான் தினசரி வேலைக்கு ஹார்டு டிஸ்க், பத்திரப்படுத்த டேப்.

நம்பலாமா?

தாராளமா! எழுதிய கையோடு படித்துப் பார்த்துச் சரிபார்க்கும் வசதி டிரைவிலேயே இருக்கு. நல்ல குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் 30 வருஷம் தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். தூசியும் வெயிலும் ஆகாது. கீழே போட்டீங்கன்னா உள்ளே டேப்பைப் பிடித்து இழுக்கும் சின்ன ஊசி இடம் மாறிடலாம். டிரைவ் கேட்கும்போது மட்டும் கிளீனிங் கேசட் போடணும்.

கேசட் 30 வருஷம் இருந்தாலும் படிக்கிற டிரைவ் இருக்கணுமே! ஒன்பதாம் தலைமுறை டிரைவ், எட்டாம் தலைமுறை கேசட் வரைதான் படிக்கும். ஏழாவதைக் கொடுத்தால் ‘யாருப்பா நீ?’ என்று கேட்கும். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை பழைய டேட்டாவைப் புது டேப்புக்கு மாற்றியே ஆகணும்.

வுடி தப்பிய கதை

உண்மையில் காலை வாருவது பெரும்பாலும் டேப் இல்லை, நாமதான்! 1998-ல் பிக்ஸார் ஸ்டூடியோவில் ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஒரு டெலீட் கட்டளை, படத்தின் ஃபைல்களை மளமளவென அழிக்க ஆரம்பித்தது. ‘கவலை வேண்டாம், டேப்பில் பேக்கப் இருக்கே’ என்று எடுத்துப் பார்த்தால், அது சில காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை! யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்ததால்தான் படம் பிழைத்தது. அந்த கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி காரில் கொண்டுவந்தார்கள்!

புரியுதா? திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை பேக்கப்னு நம்பாதீங்க.

உங்களுக்கு டேப் டிரைவ் தேவையில்லை, அதன் விலையும் நம்ம பாக்கெட்டுக்கு ஒத்துவராது. ஆனால், அந்தப் பாடம் இலவசம். ஃபைனல் இயர் புராஜெக்ட் ஒரே ஒரு பென் டிரைவில் தூங்குதா? உடனே 3-2-1 விதியைப் பிடிச்சுக்கோங்க. மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒண்ணு, காப்பி எடுத்ததும் கழற்றி வைத்துவிடும் ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு, ஆன்லைனிலோ நண்பன் வீட்டிலோ ஒண்ணு.

அப்புறம் மாசத்துக்கு ஒருநாள், பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்க. திறந்துச்சா? வைவா அன்னைக்கு தைரியமா போங்க!