பழைய கேமில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

ஆன்லைனில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் கூடி ஆடும் பாத்திர விளையாட்டுகளில் பேர்பெற்றவை பலவும் பழசாகிவிட்டன. ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. ஈவ் ஆன்லைன் 2003 மே மாதம், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பர். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.டெக். முதலாண்டு படிக்கும் பையனைவிட மூன்றுமே வயதில் மூத்தவை. யூடியூபில் யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டு அவன் சீனியரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இப்போ ஆரம்பிச்சா லேட்டா?"

லேட்டுதான். ஆனாலும் ஆரம்பிக்கலாம். விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டாம், சாதாரண லேப்டாப் போதும். காசும் உடனே தேவைப்படாது. வார்கிராஃப்டில் 20ஆம் லெவல் வரை இலவசம். ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவசப் பதிப்பில் நாள் கணக்கே இல்லாமல் 70ஆம் லெவல் வரை போகலாம். கில்ட் வார்ஸ் 2இன் அடிப்படைப் பகுதிக்கும், ரூன்ஸ்கேப்பின் ஒரு பெரிய பகுதிக்கும் கட்டணம் கிடையாது. பிடித்திருக்கிறதா என்று பார்க்க இவ்வளவு இடம் புதிய கேம்கள் பலவற்றில் கிடைப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது அந்த 'லேட்' என்ற பதற்றத்தில்தான். இருபது ஆண்டுகளாக ஆடுபவர்களின் பாத்திரம் மலைபோல் வளர்ந்து நிற்கும், நம்முடையது மரக்கத்தியோடு எலியைத் துரத்திக்கொண்டிருக்கும். அலிபிரியில் வரிசை நீண்டிருக்கும் நாளில், நேரமாகி வந்த பக்தரைப் பார்த்து "சீக்கிர தரிசனம், டிக்கெட் இருக்கு" என்று ஒட்டிக்கொள்ளும் தரகர்களை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பழைய கேம்களைச் சுற்றியும் அதே வியாபாரம் நடக்கிறது. முழுதாக வளர்ந்த ஐடி ஒருவரிடம், கேமுக்குள் செல்லும் தங்கம் இன்னொருவரிடம். "உன் பாஸ்வேர்டைக் கொடு, ஒரே வாரத்தில் லெவல் ஏற்றித் தருகிறேன்" என்பார் மூன்றாமவர்.

ஐடி வாங்குவதில் உள்ள ஓட்டை எளிமையானது. கணக்கைத் திறந்தவரின் பழைய மெயிலும் முதல் பணம் கட்டிய ரசீதும் விற்றவரிடமே இருக்கும். பணம் கைக்கு வந்த பிறகு, "என் கணக்கு திருடுபோய்விட்டது" என்று அவர் கம்பெனிக்கு எழுதினால் ஐடி அவருக்கே திரும்பிவிடும். வாங்கியவர் கம்பெனியிடம் முறையிட முடியாது, ஐடியை விற்பதும் வாங்குவதும் விதிமீறல் என்று எல்லா பெரிய கேம்களின் ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கிறது. ஒரே ஐடியை நாலு பேருக்கு விற்பதும் இப்படித்தான் சாத்தியமாகிறது. பாஸ்வேர்டைக் கொடுத்து லெவல் ஏற்றிக்கொள்வதில் ஐடியோடு மெயிலும் போகலாம், மெயிலோடு மற்றதும். தானாக ஆடும் 'பாட்' என்று டிஸ்கார்டில் வரும் ஃபைலை இறக்கினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் மொத்தமாக வெளியேறக்கூடும்.

தங்கத்தை விற்றுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை என்பது என் எண்ணம். முகம் தெரியாத ஒருவர் உங்கள் தங்கத்துக்கு யுபிஐயில் மூவாயிரம் அனுப்புகிறார். அது வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், அங்கே பதிவான புகாரின் பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம். ஸ்காலர்ஷிப்பும் அப்பா அனுப்பிய மெஸ் பணமும் அதே கணக்கில்தான் இருக்கும். அப்படி நடந்தால், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகராறுக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி விண்ணப்பிக்கலாம். கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் இந்த வழியில் தீர்ப்பளித்திருக்கின்றன.

சித்தூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு: "ஆன்லைன் கேமே ஆந்திராவில் தடைதானே?" 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு 1974ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தித் தடைசெய்தது பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் போன்றவற்றை. அதன்பின் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணப் பந்தய விளையாட்டுகளை ஒரு பக்கமும், மின்விளையாட்டுப் போட்டிகளையும் சமூக விளையாட்டுகளையும் மறுபக்கமும் பிரித்துவைக்கிறது. மாதச் சந்தா கட்டி ஆடுவது மட்டும் பந்தயம் ஆகாது. பணம் வரும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டினால்தான் பந்தயம். ஆகவே வார்கிராஃப்ட் ஆடும் மகனைப் பார்த்து வீட்டில் போலீஸ் பயம் வேண்டாம்.

ஆனால் கோடு எங்கே தாண்டப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பணமாக மாற்றக்கூடிய காயினும் டோக்கனும்கூடப் பந்தயப் பொருள்தான் என்கிறது மத்தியச் சட்டம். கேம் தங்கத்தை வைத்துப் பகடை உருட்டும் டிஸ்கார்டு குழுக்கள் இருக்கின்றன. தங்கத்தைக் காசாக்கித் தரும் குழுவில் அப்படி ஆடினால் அது கேம் என்ற பெயரில் நடக்கும் சூதுதான். மத்தியச் சட்டத்தில் நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டும் ஐம்பது லட்சமும். ஆடுபவரைத் தண்டிக்க அதில் இடமில்லை. ஆனால் குழுவின் லிங்க்கைக் காசு வாங்கிக்கொண்டு நண்பர்களுக்குப் பரப்பும் மாணவன், ஆடுபவன் என்ற பாதுகாப்பை இழந்து விளம்பரம் செய்பவனாக நிற்க நேரலாம்.

இனி உரிமைக்கு வருவோம். சந்தா கட்டி, ஆடை வாங்கி, குதிரை வாங்கி, மூன்று ஆண்டு வளர்த்த பாத்திரம் யாருடையது? ஒப்பந்தப்படி கம்பெனியுடையது, நமக்கு இருப்பது ஆட அனுமதி மட்டும். சர்வரை அணைத்தால் அனுமதியும் போய்விடும். 2000களின் நடுவில் லெவல் அப் நிறுவனம் இந்தியாவில் நடத்திய ராக்னராக் ஆன்லைன் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30 அன்று நின்றது. ரசிகர்கள் நடத்தும் சர்வருக்கு அதன் உரிமையாளர் அனுமதி தந்தது 2024 ஜனவரியில்தான். சில சமயம் கம்பெனி மூடவேண்டியதே இல்லை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கு மத்திய அரசு தடை போட்டபோது, டைமண்ட் வாங்கிக் குவித்திருந்த நம் ஊர்ப் பையன்களுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

அப்படியானால் கேமுக்குள் இருக்கும் பொருளுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லையா? இருக்கிறது. நெதர்லாந்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப்பில் அவனிடமிருந்த தாயத்தையும் முகமூடியையும் பறித்துக்கொண்ட இளைஞர்களின் வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது திருட்டுதான் என்று 2012 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. நம் நாட்டில் பழைய தண்டனைச் சட்டம் அசையும் சொத்து என்றால் தொட்டுணரக்கூடிய பொருள் என்று வரையறுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, நிலத்தையும் நிலத்தோடு ஒட்டியதையும் தவிர எல்லாவகைச் சொத்தும் என்கிறது. கேமின் வாளையும் கவசத்தையும் சொத்து என்று வாதாட அது வாசலைத் திறக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வாதம் ஏற்கப்படும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மற்றவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இந்த நிலையில் ஆண்டுச் சந்தாவையும் 'வாழ்நாள்' பேக்குகளையும் தவிர்ப்பது நல்லது. மாதாமாதம் கட்டினால் இழப்பு ஒரு மாதத்தோடு முடியும். ஆட்டோபே போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யுபிஐ ஆப்பிலேயே அதை ரத்துசெய்யலாம். சந்தாவை நிறுத்தவிடாமல் சுற்றலில் விடுவதையும், "இன்னும் பத்து நிமிடம்தான்" என்று பொய்க்கெடு காட்டுவதையும் 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் ஏமாற்று உத்திகளாகப் பட்டியலிட்டிருக்கிறது. இந்தியாவில் சேவை விற்கும் எந்தத் தளத்துக்கும் அது பொருந்தும்.

ரசிகர்கள் அனுமதியின்றி நடத்தும் தனியார் சர்வர்களில் பணம் போடவே வேண்டாம். வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை நடத்திய நாஸ்டால்ரியஸ், கம்பெனியின் வக்கீல் கடிதம் வந்ததும் 2016 ஏப்ரலில் மூடியது. அங்கே 'நன்கொடை' கொடுத்ததற்கு எந்த நீதிமன்றத்தில் போய் ரசீது காட்டுவது?

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நிலை தனி. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் உறுதியான சட்டம். அம்மாவின் போனில் பையன் டாப்-அப் செய்துவிட்டால் பணம் திரும்பக் கேட்க அது வலுவான வாதம். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் எளிது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். பிள்ளைகளின் தகவலைப் பெறப் பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் இந்தக் கடமை நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

பணத்தைவிட நேரம் பெரிய செலவு. ஐரோப்பிய சர்வரில் சேர்ந்தால் அவர்கள் இரவு எட்டு மணிக்குக் கூட்டாகப் படையெடுப்பார்கள். நமக்கு அது கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. வாரம் மூன்று இரவு இப்படிப் போனால் காலை எட்டு மணி லேப் என்னவாகும் என்று ஹாஸ்டல் வார்டனைக் கேட்டால் தெரியும். ஆசிய சர்வர் உள்ள கேமைத் தேர்ந்தெடுப்பது இதனாலேயே புத்திசாலித்தனம். கட்டுப்பாடு கைமீறிப்போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். நேரில் போக பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே 'ஷட்' கிளினிக் இருக்கிறது. சித்தூர், குப்பம் ஆட்களுக்குத் தொலைவில்லை.

ஏமாந்துவிட்டால் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. கூடவே தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார், சாட், யுபிஐ எண், ஸ்கிரீன்ஷாட்டுகளோடு. எதிராளி தடம் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். நம் தவறில்லாமல் கார்டிலிருந்தோ கணக்கிலிருந்தோ பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் இழப்பு நம்மேல் விழாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. நாமே ஓடிபி சொன்னதற்கும், நாமே யுபிஐயில் அனுப்பியதற்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தரகரிடம் ஐடி வாங்கியவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதற்காக வெட்கப்பட்டுப் புகாரை விட்டுவிட வேண்டாம். ஐடி வாங்கியது கம்பெனி விதிமீறல்தான், ஏமாற்றியது குற்றம்.

நகரி, சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் சென்னையில் படிக்கிறார்கள். புகார் எந்த மாநிலத்தில் என்று அலைய வேண்டாம். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. ஆந்திர நிலையங்களில் புகாரைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தந்தால் வேலை வேகமாகும், தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த பெரியவர்கள் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துப் போகலாம்.

கம்பெனியே தவறு செய்திருந்தால், அதாவது காரணம் சொல்லாமல் ஐடியைத் தடைசெய்தாலோ, ரத்துசெய்த சந்தாவுக்குப் பணம் எடுத்தாலோ, முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதிவிட்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. இந்தியாவில் அலுவலகமே இல்லாத கம்பெனியிடம் உத்தரவை நிறைவேற்றுவது கடினம். ஆகவே பணம் வாங்கிய ஆப் ஸ்டோரையும் பேமென்ட் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.