பாத்திரம் படைக்க 27 புள்ளிகள்

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேசையைச் சுற்றி அமர்ந்து கதை சொல்லியபடி ஆடும் விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பில், வலிமை, அறிவு உள்ளிட்ட ஆறு திறன்களுக்குச் சேர்த்து 27 புள்ளிகளைச் செலவிடும் முறை உண்டு. ஒவ்வொன்றும் 8-இல் தொடங்கும். 13 வரை படிக்கு ஒரு புள்ளி. 14, 15-க்கு இரண்டிரண்டு. மூன்று திறன்களை 15 ஆக்கினால் புள்ளிகள் தீர்ந்துவிடும். மற்ற மூன்றும் 8-லேயே நிற்கும். (கணக்கு வகுப்புக்கும் உதவும்!)

மாணவர்கள் சொந்தமாகப் பாத்திரம் படைத்தால் எல்லாம் வல்ல வீரரையே படைப்பார்கள். அந்தக் குழுவில் மற்றவர்களுக்கு வேலை இராது. தயங்கிப் பேசும் பிள்ளை வாயே திறக்காது. எனவே, புதிய ஆற்றல் கேட்பவரிடம், "இதற்காக எதை விட்டுக்கொடுக்கிறாய்?" என்று கேளுங்கள். பறக்கத் தெரிந்தவருக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாதிருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் இருப்பவரின் பாத்திரம் வரட்டும்.