20 வாட்ஸ்அப் குரூப், ஒரே ஒரு விவசாயி: மேட்டூர் முதல் கொள்முதல் வரை எதைப் பார்க்கணும், எதை மியூட் பண்ணலாம்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் நெல் போடும் ஒருவரின் போனை வாங்கிப் பாருங்கள். உதவி வேளாண்மை அலுவலர் நடத்தும் குரூப் ஒன்று இருக்கும். கூட்டுறவு சங்கத்துக்கு ஒன்று. விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்று, அதிலிருந்து பிரிந்து போனவர்களின் சங்கத்துக்கு இன்னொன்று. உரக்கடை, அறுவடை மிஷின், வானிலை ஆர்வலர்கள், பாசன வாய்க்கால், கோயில் திருப்பணி, பத்தாம் வகுப்பு நண்பர்கள், சொந்தபந்தம், கட்சி என்று வரிசை நீளும்.

எல்லாவற்றிலும் காலை வணக்கம் உண்டு. எல்லாவற்றிலும் "மிக முக்கியச் செய்தி, உடனே பகிரவும்" உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தக் குவியலில் ஒன்றிரண்டு நிஜமாகவே முக்கியமானவை. பயிர்க்காப்பீட்டுக்குக் கடைசி நாள், நாளைக்கு இங்கே கனமழை, நம்ம கொள்முதல் நிலையத்தில் இன்று எடை போடவில்லை... இதில் ஒரு வரியைத் தவறவிட்டால் ஒரு போக உழைப்பே போகலாம். அதற்கு பயந்துதான் பலர் எந்த குரூப்பையும் விடாமல் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தும் அந்த ஒரு வரி தப்பிப் போகிறது.

ஒரே ரேடியோ இருந்த காலம்

1960-61ல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டில்தான் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாக ஊர் ஊராகப் பரவியதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. பெரியவர்களைக் கேட்டால் இப்பவும் சொல்வார்கள்.

அன்று தகவல் குறைவு. ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் வந்தது, ஒரே குரலில் வந்தது, முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு வயலுக்குப் போனார்கள். இன்று தகவல் கொட்டுகிறது, ஆனால் அணைக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. தகவல் பெருகப் பெருக மனிதனின் கவனம் வறண்டுபோகும் என்ற கருத்தை பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே முன்வைத்தார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் காட்டினார். நாற்றங்காலில் நின்றுகொண்டே போனைப் பார்ப்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

செய்தி எவ்வளவு வேகமானது?

குரூப்பை யார் நடத்துகிறார், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் விடுங்கள். அதில் பேசப்படும் விஷயம் எவ்வளவு வேகமாக மாறுகிறது? எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று முடிவு செய்ய இந்த ஒரு கேள்வி போதும்.

முதலில் மேட்டூரை எடுத்துக்கொள்வோம். டெல்டா குரூப்களில் அதிகம் ஓடும் செய்தி இதுதான். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டி.எம்.சி. பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022ல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. அந்த ஜூன், ஜூலை முழுக்க "இன்னிக்கு திறக்கிறாங்களாம்" என்ற மெசேஜ் வராத நாள் குறைவு. கூடவே 16 கண் மதகில் தண்ணீர் பாயும் ஏதோ ஒரு வருஷத்து வீடியோ.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அணையைத் திறந்த அன்றே தண்ணீர் உங்கள் வயலுக்கு வந்துவிடாது. 2021ல் மேட்டூர் ஜூன் 12, கல்லணை ஜூன் 16. 2024ல் மேட்டூர் ஜூலை 28, கல்லணை ஜூலை 31. 2025ல் ஜூன் 12, ஜூன் 15. கல்லணைக்கே 3, 4 நாள் என்றால் கடைமடைக்கு இன்னும் பல நாள். ஆற்று வேகத்தில் வரும் செய்தி இது. நிமிடத்துக்கு நிமிடம் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தினமும் காலை 8 மணி நிலவரம் வெளியாகிறது: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். இந்த மூன்று எண்ணை ஒருமுறை பார்த்தால் அன்றைக்குப் போதும்.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். 2023ல் ஜூன் 12 அன்றே அணை திறந்தது, எல்லா குரூப்பிலும் வாழ்த்து மழை. பிறகு வரத்து சுருங்கி அக்டோபர் 10 அன்று பாசனத்துக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. பல இடங்களில் குறுவை கருகியது. திறப்பு விழா வீடியோவை எத்தனை முறை பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. வரத்து எண்ணைப் பார்த்து வந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும்.

தேதி வேகத்தில் வருபவை

அடுத்து காப்பீடு, கடன், மானியம். இவை நாள்காட்டி வேகத்தில் வருபவை. சம்பா நெல்லுக்குப் பயிர்க்காப்பீடு செய்யக் கடைசி நாள் பொதுவாக நவம்பர் 15. ராபி பருவத்தில் விவசாயி கட்டும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்க வேண்டும், பொது சேவை மையத்தில் நிற்க வேண்டும், சர்வர் வேறு படுத்தும். இந்த நேரத்தில்தான் குரூப்பில் ஒரு மெசேஜ் சுற்றும்: "அவசரப்பட வேணாம், தேதி நீட்டிக்கப் போறாங்க." 2023லும் 2024லும் நீட்டித்தார்கள் என்பது நிஜம். அதை நம்பி இந்த வருஷமும் உட்கார்ந்திருப்பது சூதாட்டம். அறிவிப்பு வந்த பிறகு நம்பினால் போதும்.

இந்த வகைக்கு குரூப்பே தேவையில்லை என்பது என் கருத்து. தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள், போனில் 10 நாள் முன்னதாக ஒரு அலாரம் வையுங்கள். மெசேஜ் 200 மெசேஜுக்கு அடியில் புதைந்துவிடும், சுவர் காலண்டர் புதையாது.

மணி வேகத்தில் வருபவை

மிச்சம் இருப்பவை இரண்டுதான்: மழை, கொள்முதல். மற்றதிலிருந்து மிச்சம் பிடித்த கவனத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

2025 அக்டோபரில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வந்தன. கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் தேங்கின, நெல் நனைந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்பதும் மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் அடிக்கடி நடப்பவை. அந்த முடிவு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் இன்றைக்கு மிஷினை வயலில் இறக்கலாமா, களத்தில் கிடக்கும் நெல்லுக்கு தார்ப்பாய் போடணுமா என்பது சில மணி நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு. வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையும் அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பும் அதற்குத்தான்.

சேதம் நடந்த பிறகும் கடிகாரம் ஓடுகிறது. அறுத்து வயலிலேயே காயப்போட்ட பயிர் மழையில் சேதமானால், பயிர்க்காப்பீட்டுத் திட்ட விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். போட்டோவை குரூப்பில் போடுவது தகவல் சொன்னதாக ஆகாது! 14447 என்ற எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண் துறையிலோ பதிவாக வேண்டும்.

போனில் என்ன பண்ணணும்?

வாட்ஸ்அப்பில் மியூட் செய்ய 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று வாய்ப்புகள் உண்டு. மழை குரூப் ஒன்று, உங்கள் கொள்முதல் நிலைய குரூப் ஒன்று, குடும்பம் ஒன்று. இந்த மூன்றையும் மேலே 'பின்' செய்து, முதல் இரண்டுக்கும் தனி ரிங்டோன் வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் 'எப்போதும்' மியூட். பேச்சு மட்டுமே ஓடும் குரூப்களை ஆர்க்கைவ் செய்தால், புது மெசேஜ் வந்தாலும் அவை மேலே ஏறி வராது. உங்களைக் குறிப்பிட்டாலோ உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ மட்டும் தெரியும்.

இந்த ஏற்பாடு வருஷம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நடவு நேரத்தில் கொள்முதல் குரூப் எதற்கு? தை, மாசியில் அதுவே முதலிடத்துக்கு வரட்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல.

வெளியேறுவதுதான் சங்கடம். "ஏம்ப்பா, நம்ம குரூப்லேர்ந்து போயிட்டியாமே?" என்று டீக்கடையில் கேட்பார்கள். 2022 முதல் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனாலும் வெளியேறியவர் பட்டியலை உறுப்பினர்கள் 60 நாள் வரை பார்க்க முடியும். அந்தப் பொல்லாப்புக்கு ஆர்க்கைவே மேல். கேட்காமலே சேர்த்துவிடுகிறார்களா? தனியுரிமை அமைப்பில் 'குழுக்கள்' பகுதிக்குப் போய், உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் சேர்க்கும்படி மாற்றுங்கள்.

இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று வந்தால் அது யாரோ எங்கோ எழுதியது என்று பொருள், உங்கள் வாய்க்காலைப் பற்றியது அல்ல. பி.எம். கிசான் பெயரில் வரும் ஏ.பி.கே. பைலைத் தொடவே வேண்டாம். தொட்டு பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள்.

ஆளுக்கு ஒரு குரூப்

தனி ஆளாக எல்லாவற்றையும் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயர முன்னறிவிப்பை ஒருவர் இணையத்தில் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார். கடலுக்குப் போகிறவர் யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை.

அதையே ஒரு வாய்க்காலில் பாயும் ஐந்தாறு பேர் செய்யலாம். ஒருவர் மேட்டூர் நிலவரம், ஒருவர் மழை, ஒருவர் கொள்முதல், ஒருவர் காப்பீடு. தேவையான ஒரு வரியை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வது. ஸ்மார்ட்போன் இல்லாத பக்கத்து வயல் அக்காவுக்கு ஒரு போன் அடித்துச் சொல்வதும் இதில் சேர்த்திதான். குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தகவல் என்றாகிவிட்டால் அவர் கடைமடையாகிவிடுவார்.

குரூப் நடத்துபவர்களுக்கும் ஒன்று. அறிவிப்பு குரூப்பில் 'அட்மின் மட்டும் அனுப்பலாம்' என்று மாற்றுங்கள், பேச்சுக்குத் தனி குரூப் வையுங்கள். மெசேஜின் முதல் வரியிலேயே தேதி, ஊர், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அரசு ஆணையை போட்டோ எடுத்து அப்படியே போட்டால் வயலில் நிற்பவர் அதை எப்படிப் படிப்பார்?

குரூப்பே வேண்டாம் என்பவர்கள் இந்த எண்களைச் சேமித்துக்கொள்ளலாம்: கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மானியம், விலை விவரங்களுக்கு 'உழவன்' செயலி, மழை எச்சரிக்கைக்கு 'டி.என். அலர்ட்' செயலி.