காலை ஐந்தரைக்கு மாறிய தேதி

வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் உற்பத்தி நடந்ததாகத் திரை காட்டியது. கோவைப் பக்கம், பம்ப் பாகங்களைக் கடையும் ஒரு தொழிற்சாலை. ஆபரேட்டர்கள் நோட்டில் எழுதிய இரவு ஷிப்ட் கணக்கும் எங்கள் மென்பொருள் சொன்ன கணக்கும் பல வாரங்களாக ஒத்துப்போகவில்லை. சந்தேகம் நோட்டின் மேல்தான் விழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

தவறு எங்களுடையது. தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. அங்கே நள்ளிரவு தேதி மாறும்போது இங்கே காலை 5.30. சனிக்கிழமை இரவு பத்துக்கு உள்ளே வந்தவர்கள் ஆறு மணிக்குத்தான் வெளியே போவார்கள். கடைசி அரை மணி நேரம் அவர்கள் கடைந்ததெல்லாம் ஞாயிறு கணக்கில் ஏறிவிட்டது.

திரை முதல் தரவுத்தளம் வரை எல்லா அடுக்கையும் எழுதத் தெரிந்தவரை 'ஃபுல் ஸ்டாக்' பொறியாளர் என்கிறோம். தொழிற்சாலையில் அதற்குக் கீழேயும் அடுக்குகள் உண்டு: சென்சார், அதன் சொல்லைக் கேட்டு இயந்திரத்தை ஓட்டும் பி.எல்.சி. 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ரிலே பலகைகளுக்கு மாற்று கேட்டது. டிக் மார்லி குழுவினரின் மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அதற்குப் பதிலாக வந்தது. ரிலே வரைபடம் படித்துப் பழகிய எலக்ட்ரீசியனுக்கும் புரியட்டும் என்று அதன் நிரலை ஏணி வடிவில் அமைத்தார்கள். பயன்படுத்துகிறவரின் கண்ணால் பார்த்துச் செய்த வேலை. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு.

1979-இல் வந்த மோட்பஸ் மொழியில்தான் பல இயந்திரங்கள் இன்றும் பேசுகின்றன. அதன் ஒரு பதிவேட்டில் 16 பிட்தான் அடங்கும். எண்ணிக்கை 65,535-ஐத் தொட்டதும் அடுத்த பாகத்துக்குப் பூஜ்யம். இதை அறியாமல் புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்தால், அந்த நிமிடம் உற்பத்தி 'மைனஸ்' ஆகும். தசம எண் என்றால் பெரும்பாலும் இரண்டு பதிவேடுகள் வேண்டும்; எந்தப் பாதி முதலில் வரும் என்பது கருவிக்குக் கருவி மாறும். மாற்றிப் படித்தால் எண்ணெயின் வெப்பநிலை அர்த்தமில்லாத எண்ணாகிவிடும்.

நெட்வொர்க் அறுந்தால் இயந்திரம் காத்திருக்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு சிறு கணினி எல்லாவற்றையும் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். அப்போது அனுப்பிய நேரத்தை அல்ல, பாகம் இறங்கிய நேரத்தைத்தான் குறிக்க வேண்டும்.

மேல் அடுக்கான திரைக்கும் இதே கவனம் தேவை. இயந்திரம் ஏன் நின்றது என்று ஆபரேட்டர் தேர்ந்தெடுக்க, முதலில் நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்தோம். எண்ணெய் படிந்த கையுறையோடு யார் அதைத் தேடுவார்கள்? விரல் பட்ட முதல் காரணமே திரும்பத் திரும்பப் பதிவானது. பிறகு லேத் பக்கத்தில் நின்று பார்த்து, ஆறு பெரிய பொத்தான்களாகக் குறைத்தோம்.

தேதிச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று நாங்கள் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நாங்க எந்தத் தேதியில உள்ள வந்தமோ அதுதானுங்க எங்க தேதி. விடிஞ்சா மாறுமுங்களா?"

அதை அப்படியே நிரலில் எழுதினோம்.